இரண்டு பொத்தானிலும் "நீக்கு"

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, சித்தி மூன்று பேரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல், வாய்க்கு மட்டும் ஓய்வே இல்லாமல் இருக்கிறோம். நீயும் அந்தப் பனிக்காட்டில் கைகால் விறைக்காமல், வேளைக்குச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கி எழுந்திருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவைப் பிடிக்கிறேன். உங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் இணையம் சொட்டுச் சொட்டாகத்தான் வரும், வானிலைக் கருவிகள் சொல்வதை அனுப்பவே அது போதாது என்று நீ சொன்னாய். அதனால்தான் இவ்வளவு நாளாக "எல்லாரும் சௌக்கியம்" என்று மட்டும் அனுப்பிவிட்டு மற்றதை எல்லாம் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். சரக்குக் கப்பல் புறப்படப் போகிறது, கடிதம் இருந்தால் கொடுங்கள் என்று உங்கள் அலுவலகத்தில் சொன்னதும் தாளை எடுத்து உட்கார்ந்துவிட்டேன். நீயும் உட்கார்ந்து படி. உன் அம்மா ஒரு சண்டையில் ஜெயித்திருக்கிறாள். அப்பாவும் சித்தியும் கூட நின்றார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் இங்கே இன்னொரு சண்டை வரும்.

நீ கிளம்பும் முன் கூடத்து மூலையில் கிடந்த பழைய கணினியில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு, அப்பாவுக்கு ஆங்கிலம் ஓடாது என்பதால் எல்லாம் தமிழில் வரும்படி வைத்துவிட்டுப் போனாய் அல்லவா. அதில் படம் பார்க்கிற மென்பொருள்தான் அப்பாவுக்கு உயிர். வழியில் துறைமுகத்திலிருந்து நீ அனுப்பிய படத்தைத் திறப்பார், பெரிதாக்குவார், மூக்கு சிவந்திருக்கிறது, சளி பிடித்திருக்கிறது என்பார், மூடுவார், மறுபடி திறப்பார். அதன் தமிழ் மட்டும் ஒரு தினுசாக இருந்தது. படத்தின் விவரம் என்று இருக்க வேண்டிய இடத்தில் "சொத்துக்கள்" என்று இருக்கும். "படத்துக்கு ஏது சொத்து, வீடு வாசல் வாங்கிப் போட்டிருக்கா?" என்று அப்பா கேட்பார். ஓரத்தை வெட்டுகிற இடத்தில் "பயிர்" என்று போட்டிருந்தது, ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்லாம். படங்களை வரிசையாக ஓட விடுவதற்கு "சறுக்குக் காட்சி". சிரிக்க ஒரு சாக்கு கிடைத்ததே என்று நாங்களும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சித்தப்பா தவறிப் போனதிலிருந்து சித்தி அவர் படம் ஒன்றையும் பார்க்கவில்லை என்பது உனக்குத் தெரியும். வீட்டுச் சுவரில் மாட்டவும் விடவில்லை. கீழே இருக்கிற அவளுடைய முடி வெட்டும் கடையில் யாராவது அவர் பேச்சை எடுத்தால் கத்தரிக்கோல் அப்படியே நின்றுவிடும், வந்தவர்களும் புரிந்துகொண்டு வாயை மூடிக்கொள்வார்கள். அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தானாகப் படியேறி வந்தாள். கையில் கேமராவின் மெமரி கார்டு. அவர்கள் இரண்டு பேரும் கடைசியாக ஏரிக்குப் போனபோது எடுத்த படங்கள் அதில் மட்டும்தான் இருந்தன, பிரதி எடுத்து வைக்கவில்லை. "பாத்துடலாம்க்கா, இன்னிக்கு மனசு கொஞ்சம் திடமா இருக்கு" என்றாள். அப்பா மரியாதையாகச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து கணினி முன்னால் உட்கார்ந்தார். முதல் படத்தில் சித்தப்பா சித்தியின் தொப்பியைப் போட்டுக்கொண்டு படகில் இருந்தார், துடுப்பைத் தலைகீழாகப் பிடித்தபடி. சித்தி அழுவாள் என்று நான் பயந்தேன், அவள் சிரித்தாள். அடுத்தடுத்து சில படங்கள் பார்த்தோம். ஒன்றில் வெறும் கட்டைவிரல் மட்டும் விழுந்திருந்தது. "இதை எடுத்துடவா?" என்று அப்பா கேட்டார், சித்தியும் சரி என்று தலையாட்டினாள். வரிசையாக ஓட விடலாம் என்று சற்று முன்னால் எல்லாப் படத்தையும் அவர் தேர்ந்தெடுத்து வைத்திருந்தது யார் நினைவிலும் இல்லை. "எல்லாப் படங்களையும் நிரந்தரமாக நீக்க வேண்டுமா?" என்று திரை கேட்டது. எல்லாம் என்று பார்த்ததும் அப்பாவின் கை நின்றுவிட்டது. வேண்டாம் என்று சொல்ல ஒரு பொத்தானைத் தேடினார். கீழே இரண்டு பொத்தான், இரண்டிலும் "நீக்கு" என்றே எழுதியிருந்தது. கேள்வியை நீக்குவது ஒன்று, படத்தை நீக்குவது ஒன்று. எது எது என்று யாருக்குத் தெரியும்? இடது பக்கம்தான் பின்வாங்குகிற பொத்தானாக இருக்கும் என்று நினைத்து அதை அழுத்தினார். திரை வெள்ளையாகிவிட்டது.

சித்தி திட்டியிருந்தால்கூட எங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "பரவாயில்லத்தான், விடுங்க" என்று சொல்லி, கார்டைப் பிடுங்காத குறையாக எடுத்துப் பர்ஸில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனாள். அதோடு மாலையில் தேநீர் குடிக்க மேலே வருவதும் நின்றது. அப்பா கணினியின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டார். காலமெல்லாம் லிஃப்ட் பழுது பார்க்கிற மனிதர், பொத்தான்களோடு பிழைக்கிறவர், வேலைக்குப் போன இடத்தில் ஒரு பொத்தானை அழுத்தும் முன் இரண்டு தடவை படித்துப் பார்க்கிறேன் என்று வந்து சொன்னார். "எழுதப் படிக்கத் தெரிஞ்சவன்தானே நான், ரெண்டும் ஒண்ணாவே எழுதியிருந்தா நான் என்ன பண்றது?" என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்று தைத்தது. பேருந்து நிலையத்தில் அறிவிப்புச் சொல்கிற வேலை என்னுடையது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறவர் காதில் விழுந்த உடனே புரிய வேண்டும், புரியாவிட்டால் அவர் தப்பான வண்டியில் ஏறிவிடுவார், ஏறியது அவர் தப்பாகாது. நான் துண்டை எடுத்து வீசிவிட்டு உட்கார்ந்தேன்.

உன் மேசையில் நீ ஒட்டி வைத்துவிட்டுப் போன துண்டுச்சீட்டுகளைப் பார்த்துப் பார்த்து அந்த மென்பொருளைச் செய்கிறவர்களின் பக்கத்தைக் கண்டுபிடித்தேன். குறை இருந்தால் எழுதுவதற்கு அதில் ஓர் இடம் வைத்திருக்கிறார்கள். திரையைப் படம் பிடித்துப் போட்டு, எனக்குத் தெரிந்த அலுவலக ஆங்கிலத்தில், இரண்டு பொத்தானிலும் ஒரே சொல், என் தங்கையின் கணவர் படங்கள் போய்விட்டன என்று எழுதினேன். மறுநாளே பதில் வந்தது. எழுதியவர் அந்த மென்பொருளை ஆரம்பித்தவர், பகலில் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாராம், இதை ஓய்வு நேரத்தில் யாரிடமும் எதுவும் வாங்காமல் செய்கிறாராம். அவர் பெயருக்குப் பக்கத்தில் இருந்த படத்தைப் பார்த்து அப்பா அவருக்குத் தாடிக்காரர் என்று பெயர் வைத்துவிட்டார். தாடிக்காரர் மன்னிப்புக் கேட்டிருந்தார். தமிழைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் எந்திரம் மொழிபெயர்த்ததையே போட்டுவிட்டோம், இனி அப்படி ஒரு படமும் போகக்கூடாது, வரப்போகிற பதிப்பிலிருந்து தமிழை எடுத்துவிடுகிறோம் என்று எழுதியிருந்தார். கீழேயே இன்னொன்றும் இருந்தது. அந்தக் கார்டில் இனி ஒரு படமும் எடுக்காதீர்கள், அப்படியே வைத்திருங்கள், அழிந்த படங்களைத் தேடி எடுக்கிற இலவச மென்பொருள் இருக்கிறது, பெரும்பாலும் கிடைத்துவிடும் என்று.

நான் இரண்டு இரண்டு படியாக இறங்கி ஓடி, சித்தியின் கடையில் போய் மூச்சு வாங்கச் சொன்னேன். அவள் ஒருவருக்குப் பின்னங்கழுத்தில் மழித்துக்கொண்டிருந்தாள், கை நிற்கவில்லை. "அதே கணினிதானே? அதே ரெண்டு பொத்தான்தானே? போனது போனதாவே இருக்கட்டும், இன்னொரு தடவை என்னால முடியாதுக்கா" என்றாள். நான் விடவில்லை. கத்தியைத் துடைத்துக்கொண்டே, "மொதல்ல அது பேசறதை ஒழுங்காப் பேசட்டும். அப்புறம் தர்றேன்" என்றாள். எனக்கு அது போதும். வீட்டுக்கு வந்து தாடிக்காரருக்கு எழுதினேன், தமிழை எடுக்காதீர்கள் என்று. தப்பான தமிழ் ஆபத்துதான், ஆனால் தமிழே இல்லையென்றால் என் வீட்டுக்காரர் தன் மகள் முகத்தைப் பார்க்க இன்னொருவரைக் கூப்பிட வேண்டும், அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன், நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவர்கள் குழுவில் இருந்தவர்களுக்கு நம்பிக்கை இல்லை, ஆரம்பித்துவிட்டு ஓடிப்போனவர்கள் நிறைய பேர் என்றார்கள். நியாயம்தான். கடைசியில் தாடிக்காரர், புதிய பதிப்பு வெளிவருவதற்கு முன் எல்லா வரியும் முடிய வேண்டும், இன்னொரு தமிழர் படித்துச் சரி என்று சொல்ல வேண்டும், இல்லையென்றால் எடுத்துவிடுவோம் என்றார். நூற்றுக்கணக்கான வரிகள், கண்ணு. அப்பா அதைப் பார்த்துவிட்டு, வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டாயே என்றார். ஆனால் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்ததும் அவர்தான்.

படித்துச் சரிபார்க்க முன்வந்தவர் வேறொரு நாட்டில் இருக்கிற தமிழ் படித்த பெரியவர். முதல் செய்தியையே "வணக்கத்திற்குரிய அம்மையீர்" என்று ஆரம்பித்ததால் அவர் எங்கள் வீட்டில் புலவர் ஆகிவிட்டார். ஆரம்பத்தில் எங்களுக்குள் ஒரு வரிகூட ஒத்துப்போகவில்லை. நான் பெரிதாக்கு என்றால் அவர் உருப்பெருக்கு என்பார். நான் வலப்பக்கம் திருப்பு என்றால் அவர் வலஞ்சுழி என்பார். அழகான சொல்தான், நான் மறுக்கவில்லை, ஆனால் படத்தில் தலை சாய்ந்து கிடக்கிற பேரனை நிமிர்த்தப் பார்க்கிறவருக்கு அவ்வளவு அவகாசம் ஏது என்று எழுதினேன். அவரும் சளைத்தவர் இல்லை. நீக்கு, அழி இரண்டையும் நான் ஒன்றாகவே போட்டுவைத்திருந்ததைப் பிடித்தார். நீக்கினால் குப்பைத்தொட்டிக்குப் போகும், தேடி எடுக்கலாம், அழித்தால் போனது போனதுதான், அம்மையீர் இந்த இரண்டையும் கலக்கக்கூடாது என்றார். அதைப் படித்துவிட்டு அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "இதான்! இதைத்தான் அன்னிக்கு எனக்கு யாரும் சொல்லலை" என்றார். அன்றிலிருந்து புலவர் மேல் எங்களுக்கு மரியாதை வந்துவிட்டது. சொத்துக்கள் விவரம் ஆனது, சறுக்குக் காட்சி தொடர்காட்சி ஆனது, இப்படி ஒவ்வொன்றாக வழிக்கு வந்தது. அந்தப் பாழாய்ப்போன இரண்டாவது பொத்தானுக்கு மட்டும் சொல் கிடைக்கவில்லை. ரத்து செய் என்று போட்டால் வண்டியை ரத்து செய்தது மாதிரி இருந்தது. புலவர் கைவிடு என்றார். கடவுளே கைவிட்டது மாதிரி இருக்கிறது என்றார் அப்பா.

ஒரு நாள் மாலை சித்தி மேலே வந்தாள். கூப்பிடவில்லை, தானாகத்தான் வந்தாள், நாங்கள் போடுகிற சத்தம் கீழே வரைக்கும் கேட்கிறதாம். தேநீரைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றபடியே பயிர் என்றால் என்ன என்று கேட்டாள். ஓரத்தை வெட்டுவது என்றேன். "அப்ப ஓரம் வெட்டுன்னு போடேன், இதுக்கு எதுக்கு விவசாயம்?" என்றாள். போட்டேன். பிறகு அந்தப் பொத்தானைக் காட்டினேன். காட்டலாமா என்று தயக்கமாகத்தான் இருந்தது. "நான் முடியில கை வைக்கறதுக்கு முன்னாடி 'வெட்டவா'ன்னு கேப்பேன். வெட்டினா ஒட்ட முடியாதுல்ல, அதனால கேப்பேன். புடிக்கலைன்னா 'வேண்டாம்'னு சொல்லுவாங்க. இத்தனை வருஷத்துல ஒருத்தர்கூட 'ரத்து செய்'னு சொன்னதில்லக்கா" என்றாள். அப்பாவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "இந்தப் படத்தை அழிக்கவா?" என்று கேள்வி, கீழே "அழி", "வேண்டாம்". எழுதிப் பார்த்தபோது, இதற்கா இவ்வளவு நாள் மண்டையை உடைத்துக்கொண்டோம் என்று இருந்தது.

புலவர் ஒப்புக்கொள்ளவில்லை. பொத்தானில் ஏவல் வினை வர வேண்டும், வேண்டாம் என்பது விடை, ஏவல் ஆகாது என்று இலக்கணத்தோடு வந்தார். நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் ஒரு கூத்து நடந்தது. நான் எழுதிய வரிகளை எல்லாம் அறிவிப்பு அறையில் சும்மா இருக்கும்போது வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது வழக்கம், காதுக்குச் சரியாகப் பட்டால்தான் எனக்கு நிம்மதி. அன்று முந்தின அறிவிப்பு முடிந்ததும் மைக்கை அணைத்ததாகத்தான் நினைத்தேன். என் வேலைக் குரலில், நிதானமாக, "இந்தப் படத்தை அழிக்கவா?" என்று படித்தேன். கண்ணாடிக்கு வெளியே நிலையம் முழுக்க நிமிர்ந்து மேலே பார்த்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. நடைமேடையில் மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்த ஒருவர் வாயில் இரண்டு கையையும் குவித்து, "வேண்டாம்மா!" என்று கத்தினார். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்துக்கொண்டே "வேண்டாம், வேண்டாம்" என்றார்கள். மேற்பார்வையாளர் வந்து கதவைத் தட்டினார், நான் விஷயத்தைச் சொன்னேன், அவர் திட்டுவதற்காகத் திறந்த வாயைச் சிரிப்பதற்குப் பயன்படுத்திக்கொண்டார். அன்றைக்கே புலவருக்கு எழுதினேன், ஐயா, ஒரு பேருந்து நிலையமே விடை சொல்லிவிட்டது என்று. அவர் பதில் ஒரே வரி. "ஊர்வாய் சொன்ன பின் உலைமூடி எதற்கு, ஒப்புகிறேன்." எனக்கு அப்போது புலவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது.

அதற்குள் அப்பாவும் சும்மா இருக்கவில்லை. லிஃப்டில் அபாய மணியையும் கதவு திறக்கிற பொத்தானையும் ஒட்டி ஒட்டி வைக்க மாட்டோம், நிறமும் ஒன்றாக இருக்காது, இதில் மட்டும் ஏன் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி வைத்திருக்கிறார்கள் என்று கேட்டார். அவர் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் எழுதினேன், ஒரு லிஃப்ட் பலகையின் படத்தையும் அவரே வரைந்து கொடுத்தார். தாடிக்காரர் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். இப்போது அழிக்கிற பொத்தான் சிவப்பு, தனியாக ஓர் ஓரத்தில் நிற்கிறது, தமிழில் மட்டும் இல்லை, அந்த மென்பொருள் எத்தனை மொழியில் இருக்கிறதோ அத்தனையிலும். இன்னொன்றும் செய்தார்கள், இதுதான் எனக்குப் பெரிய வெற்றி. இனிமேல் எந்த மொழியாக இருந்தாலும் சரி, ஒரே கேள்விக்குக் கீழே இரண்டு பொத்தானில் ஒரே சொல் இருந்தால் அது வெளியே வராதபடி ஒரு சோதனையை உள்ளேயே வைத்துவிட்டார்கள். எங்கோ முகம் தெரியாத ஒரு வீட்டில், எனக்குப் புரியாத ஒரு பாஷையில், ஒருவர் கை அப்பாவின் கை மாதிரி தவிக்காது.

புதிய பதிப்பு வந்த அன்று அப்பா மதியத்தோடு வேலையிலிருந்து வந்துவிட்டார். நீ சொல்லிக்கொடுத்த மாதிரியே புதுப்பித்தோம். தமிழ் இருந்தது. மேலே இருக்கிற ஒவ்வொரு பட்டியலாகத் திறந்து அப்பா சத்தமாகப் படித்தார், பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கின பிள்ளை மாதிரி. சித்தி கடையைப் பூட்டிவிட்டு வந்து, வாசலில் நின்றபடி அந்தக் கேள்வியை வரவழைத்துக் காட்டச் சொன்னாள். ஏதோ ஒரு மேகத்தின் படத்தில் காட்டினோம். படித்தாள். பர்ஸைத் திறந்து கார்டை எடுத்து அப்பாவின் உள்ளங்கையில் வைத்தாள். "நீங்களே பண்ணுங்கத்தான்" என்றாள். அப்பாவுக்குக் கண் நிறைந்துவிட்டது, கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி பாவனை செய்தார்.

தேடி எடுக்கிற மென்பொருள் மெதுவாகத்தான் வேலை செய்தது. நாங்கள் அடுப்பில் எதையும் வைக்கவில்லை. முதலில் வந்தது துடுப்பைத் தலைகீழாகப் பிடித்த சித்தப்பா. பிறகு ஏரி, பிறகு அந்தக் கட்டைவிரல், அதுவும் வந்துவிட்டது, அதற்குக்கூடக் கைதட்டினோம். ஓரிரண்டு படங்கள் பாதி சாம்பல் நிறமாக வந்தன, மற்றதெல்லாம் முழுசாக. எல்லாம் வந்துவிட்டது என்று நினைத்தோம், ஆனால் படங்கள் நிற்கவில்லை, வந்துகொண்டே இருந்தன. சித்தி நாற்காலியில் வாயைத் திறந்தபடி தூங்குகிற படம். சித்தி கடையில் கத்தரியைப் பல்லில் கடித்துக்கொண்டு முறைக்கிற படம். காற்றில் முடி கலைந்து, கண்ணை மூடிக்கொண்டு சிரிக்கிற படம். அவள் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய்விட்டாள். "இதெல்லாம் அவரு எடுத்தது. நான் அசிங்கமா இருக்கேன்னு சண்டை போட்டு, என் கண்ணு முன்னாடியே அழிக்க வெச்சேன்" என்றாள். எப்போதோ அழித்ததையும் அந்த மென்பொருள் சேர்த்துத் தேடியிருக்கிறது, கண்ணு. தொலைத்தது அவர் படங்களை, கிடைத்ததோ அவற்றோடு அவர் கண்ணால் பார்த்த அவளும். வாய் திறந்து தூங்குகிற படத்தில் சித்தி நிறுத்தினாள். "இது கண்றாவி" என்று மவுஸை வாங்கினாள். சிவப்புப் பொத்தான் வந்தது, கேள்வி வந்தது. "இந்தப் படத்தை அழிக்கவா?" என்று அவளே வாய்விட்டுப் படித்தாள், அப்புறம் திரையைப் பார்த்து, யாரிடமோ சொல்கிற மாதிரி, "வேண்டாம், போ" என்று சொல்லி அந்த 'வேண்டாம்' பொத்தானையே அழுத்தினாள். அதன் பிறகுதான் நாங்கள் மூன்று பேரும் அழுதோம், ஆனால் அது நல்ல அழுகை.

காற்றில் முடி கலைந்த அந்தப் படத்தைப் பெரிதாக அச்செடுத்துக் கடைக் கண்ணாடிக்கு மேல் மாட்டியிருக்கிறாள். முடி வெட்ட வருகிறவர்கள் யார் எடுத்தது என்று கேட்கிறார்கள். "என் வீட்டுக்காரர் எடுத்தது" என்கிறாள், கத்தரி நிற்காமலேயே ஏரிக் கதையையும் சொல்கிறாள். புலவருக்கும் தாடிக்காரருக்கும் நன்றி சொல்லி எழுதியாகிவிட்டது. தாடிக்காரர் மொழிபெயர்த்தவர்கள் பட்டியலில் எங்கள் மூன்று பேர் பெயரையும் போட்டிருக்கிறார், அப்பா அதைத் திறந்து வைத்துவிட்டு யார் வந்தாலும் தற்செயலாகக் கண்ணில் பட்டது போலக் காட்டுகிறார்.

நீ எங்களைப் பற்றிக் கவலைப்படாதே. குளிருக்குப் போட்டுக்கொள்வதில் சோம்பல் படாதே, கண்களுக்குக் கண்ணாடி போடாமல் பனியில் நடக்காதே, கூட இருக்கிறவர்களோடு சண்டை போட்டால் சாப்பாட்டுக்கு முன்னால் சமாதானமாகிவிடு. நீ எடுக்கிற படங்களை இரண்டு இடத்தில் வை, ஒரே இடத்தில் வைத்திருக்கிறேன் என்று மட்டும் என்னிடம் சொல்லிவிடாதே. முகமூடி இல்லாமல், முடி கலைந்திருந்தாலும் பரவாயில்லை, உன் படம் ஒன்றை அதே கப்பலில் கொடுத்தனுப்பு, அப்பாவுக்குப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். எடுத்த வேலை கைகூடி, நோய்நொடி அண்டாமல், நூறாண்டு நன்றாக இரு என்று அப்பாவும் சித்தியும் நானும் வாழ்த்துகிறோம். சித்தி பக்கத்தில் உட்கார்ந்து அவசரப்படுத்துகிறாள், கணக்குப் போடும் மென்பொருளைத் திறந்து பார்த்தாளாம், அதன் தமிழ் இதைவிட மோசமாம்.

இப்படிக்கு,
உன் அம்மா,
தமிழுக்குப் பொறுப்பாளர்
(தாடிக்காரர் என்னை அப்படித்தான் எழுதுகிறார், நானாகப் போட்டுக்கொள்ளவில்லை)